போகும்போது நுழைந்த பாலம் திரும்பும்போது ஏன் இடித்தது?

வாசகர் கடிதம்:

ஐயா, நான் சங்ககிரிப் பக்கத்தைச் சேர்ந்தவன். வயது 44. பத்தொன்பது வருடமாக லாரி ஓட்டுகிறேன். இதுவரை ஒரு சைக்கிளைக்கூட இடித்ததில்லை. போன மாதம் பத்துச் சக்கர லாரியில் 18 டன் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஓர் ஊருக்குப் போனேன். ஊருக்குள் நுழைய ஒரு ரயில்வே சுரங்கப்பாதை. 3.6 மீட்டர் என்று பலகை இருந்தது. மெதுவாக உள்ளே விட்டேன், எதிலும் உரசாமல் வெளியே வந்துவிட்டது. மாலையில் குடோனில் லோடு இறக்கினோம். மழை பெய்திருந்ததால் நனைந்த தார்பாயை அப்படியே மடித்துக் கேபின் மேல் கட்டினேன். இரவு எட்டரைக்குக் காலி வண்டியோடு அதே வழியில் திரும்பியபோது, பாலத்துக்கு முன்னால் நட்டிருந்த உயரத் தடுப்புக் கம்பியில் இடித்துவிட்டேன். கம்பி வளைந்துவிட்டது, வண்டியின் முகப்பும் நசுங்கிவிட்டது. ரயில்வே போலீசார் வழக்குப் போட்டிருக்கிறார்கள். "லோடோடு போன வண்டி காலியாக வரும்போது எப்படி இடிக்கும்? நீ தூங்கியிருக்கிறாய்" என்கிறார் முதலாளி. மாதம் பத்தாயிரம் பிடித்துக்கொள்வேன் என்றும் சொல்கிறார். நான் தூங்கவில்லை ஐயா. என் பிள்ளைகள் மேல் ஆணை. ஆனால் எப்படி இடித்தது என்று எனக்கும் புரியவில்லை. அன்றிலிருந்து எந்தப் பாலத்தைப் பார்த்தாலும் கை நடுங்குகிறது. இனி வண்டி ஓட்டலாமா, வேண்டாமா?

பதில்:

தம்பி, நீங்கள் தூங்கவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. "நனைந்த தார்பாயை அப்படியே மடித்துக் கேபின் மேல் கட்டினேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வண்டியை இடிக்க வைத்தது பெரும்பாலும் அந்த வரிதான்.

26 ஆண்டுகள் காப்பீட்டு சர்வேயராக விபத்து வண்டிகளைப் பார்த்து மதிப்பிட்டிருக்கிறேன். இப்போது சில ஆண்டுகளாக ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறேன். பாலத்தில் இடித்த லாரிகளைப் பார்க்கப் போகும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி "லோடோடு வந்தீர்களா, காலியாக வந்தீர்களா?" என்பதுதான். காலியாக வந்து இடித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால் உங்கள் முதலாளி ஆச்சரியப்படுவார்.

காரணத்தைப் படிப்படியாகச் சொல்கிறேன். நீங்கள் அவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

18 டன் பாரம் ஏறினால் ஸ்பிரிங் பட்டைகள் படிந்துவிடும். டயரும் கொஞ்சம் அமுங்கும். பாரம் இறங்கியவுடன் பட்டைகள் மறுபடி வளைந்து நிமிர்ந்து வண்டியை மேலே தூக்கும். பத்தொன்பது வருடமாகப் பார்த்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் எவ்வளவு தூக்கும் என்று டேப் வைத்து அளந்திருக்கிறீர்களா? என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவரின் பத்துச் சக்கர லாரியை ஒருமுறை இரண்டு விதமாகவும் அளந்து பார்த்தோம். பாரத்தோடு நின்றபோது, கேபினுக்குப் பின்னால் எழும் முன்பலகையின் உச்சி தரையிலிருந்து 11 அடி 3 அங்குலம். பாரத்தை இறக்கி, அதே இடத்தில் நிறுத்தி அளந்தபோது 11 அடி ஐந்தரை அங்குலம். முகப்பில் இரண்டரை அங்குலம் ஏறியிருந்தது. பின்பக்கம் நான்கு அங்குலம் ஏறியிருந்தது. வண்டிக்கு வண்டி இது மாறும். பட்டை புதிதா, பழையதா, டயரில் காற்று எவ்வளவு என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். எந்த வண்டியானாலும் லோடு இறங்கினால் உயரம் கூடத்தான் செய்யும்.

இப்போது தார்பாய்க்கு வருவோம். போகும்போது அது மூட்டைகளின் மேல் விரிந்து கிடந்தது. அரிசி கனமான சரக்கு. 18 டன் ஏற்றினாலும் மூட்டைகள் பாடியின் முன்பலகைக்கு மேல் எழுவதில்லை. ஆகவே அப்போது வண்டியின் உச்சி முன்பலகைதான். திரும்பும்போது அதே தார்பாய் சுருட்டிய கட்டாகக் கேபின் மேல் ஏறிவிட்டது. காய்ந்த தார்பாய் என்றால் மிதித்து மடித்து அடக்கமாகக் கட்டலாம். நனைந்தது அடங்காது, புடைத்துக்கொண்டுதான் நிற்கும். அதன் மேல் கயிற்றுச் சுருளையும் வைத்திருப்பீர்கள். நாங்கள் அளந்த வண்டியில் அப்படி ஒரு கட்டு முன்பலகைக்கு மேல் 7 அங்குலம் எழுந்து நின்றது. கூட்டிப் பாருங்கள். 11 அடி ஐந்தரை அங்குலத்தோடு 7 சேர்ந்தால் 12 அடி அரை அங்குலம். உங்கள் பலகையில் இருந்த 3.6 மீட்டர் என்பது 11 அடி ஒன்பதே முக்கால் அங்குலம். போகும்போது ஆறே முக்கால் அங்குல இடைவெளியோடு நுழைந்திருக்கக்கூடிய வண்டி, வரும்போது இரண்டே முக்கால் அங்குலம் மேலே போய்விட்டது.

உங்கள் வண்டியின் எண்கள் இவற்றிலிருந்து கொஞ்சம் மாறலாம். கணக்கு இதுதான். வண்டியைப் பட்டறையில் விட்டிருந்தால் நசுங்கிய இடத்தைப் போய்ப் பாருங்கள். அடி தார்பாய்க் கட்டிலும் அதைத் தாங்கிய கம்பித் தட்டிலும் முதலில் விழுந்து, தட்டு பின்னால் மடங்கி முன்பலகையை நசுக்கியிருந்தால் நான் சொல்வது சரி. தார்பாயில் நீளவாக்கில் ஒரு கிழிசலும் துருக் கறையும் இருக்கும். அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தூங்கவில்லை என்பதற்கு உங்களிடம் இருக்கும் சாட்சி அதுதான்.

இன்னொரு பக்கத்தையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். தூக்கம் காரணமில்லை என்றாலும் தவறு உங்களுடையதுதான். போகும்போது பலகையைப் படித்தீர்கள், நிதானித்தீர்கள், மெதுவாக விட்டீர்கள். திரும்பும்போது "காலையில் நுழைந்த பாலம்தானே" என்று மனம் அசந்துவிட்டது. அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். புதிய ஓட்டுநர் பயந்து பயந்து இறங்கிப் பார்ப்பான். பழகியவர் நினைவை நம்புவார். நினைவில் இருந்தது காலையில் இருந்த வண்டி. மாலையில் நீங்கள் ஓட்டியது, உயரத்தைப் பொறுத்தவரை, வேறொரு வண்டி.

கண்ணால் மதிப்பிட்டிருக்க முடியாதா என்று கேட்கலாம். முடியாது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தவரின் கண், தரையிலிருந்து சுமார் எட்டு அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அண்ணாந்து பார்க்கும்போது 12 அடிக் கம்பியும் 13 அடிக் கம்பியும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதோடு, வண்டியின் மிக உயரமான இடம் உங்கள் தலைக்கு மேலோ, பின்னாலோ இருக்கிறது. உங்களால் பார்க்கவே முடியாத ஒன்றை, தூரத்தில் இருக்கும் இன்னொன்றோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. இரவில் இது இன்னும் மோசம். ஹெட்லைட் சாலையில் விழுமே தவிர உயரத்தில் விழாது.

நெடுஞ்சாலையும் நம்மை ஏமாற்றுகிறது. தேசிய நெடுஞ்சாலைகளில் வாகனங்கள் செல்லும் பாலத்தடிகளுக்கு 5.5 மீட்டர் உயரம் விட வேண்டும் என்பது விதி. சேலத்திலிருந்து நாள் முழுக்க ஓட்டினாலும் தலைக்கு மேல் ஐந்தாறு அடி சும்மா கிடக்கும். உயரம் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகும். பிறகு கடைசி மூன்று கிலோமீட்டரில் ஊருக்குள் திரும்பினால், வெள்ளைக்காரன் காலத்துப் பாலம் ஒன்று 3.6 மீட்டரில் நிற்கும். மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் கட்டிய பாலம் அது. சட்டப்படி சாதாரணச் சரக்கு லாரி 4 மீட்டர் வரை உயரம் இருக்கலாம். ஆகவே சட்டத்துக்கு உட்பட்ட வண்டி என்பதாலேயே எல்லாப் பாலத்திலும் நுழைந்துவிடும் என்று யாரும் நினைக்கக் கூடாது. அந்த 4 மீட்டரையும் தாண்டிச் சரக்கை அடுக்கினால் 20,000 ரூபாய் அபராதமும், கூடுதல் சரக்கை இறக்கி வைக்கும் செலவும் சேரும்.

கைபேசி வரைபடத்தை நம்பி வழி மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதாரணமாக நாம் பயன்படுத்தும் வரைபடம் காருக்காகப் போட்டது. நீங்கள் 12 அடி வண்டியில் வருகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. நெரிசல் இல்லாத குறுக்கு வழி என்று அது காட்டும் சாலை, லாரிகள் நுழைய முடியாததாலேயே காலியாக இருக்கலாம்.

இப்போது அளக்கும் முறையைச் சொல்கிறேன். இதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன்.

சமதளமான இடத்தில், எடைமேடையாக இருந்தால் இன்னும் நல்லது, வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். நேரான மூங்கில் கழியோ அலுமினியக் குழாயோ ஒன்றை, வண்டியின் மிக உயரமான இடத்தின் மேல் குறுக்காக வைத்து, பக்கவாட்டில் இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்படி ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். கழி சாயாமல் இருக்கிறதா என்று சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலிருந்து ஒரு கயிற்றில் போல்ட்டைக் கட்டித் தொங்கவிட்டால் அது செங்குத்தாக நிற்கும். கழியின் அடிப்பக்கத்திலிருந்து தரை வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். இரண்டு பேர் இருந்தால் மூன்று நிமிட வேலை. டேப்பை வண்டியின் உடம்போடு ஒட்டி வளைத்து அளந்தால் தப்பாக வரும். கேபின் கூரையை அளந்துவிட்டு அதுவே வண்டியின் உயரம் என்று எண்ணிவிடுவதும் நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

இப்படிக் காலி வண்டியை ஒருமுறையும், முழுப் பாரத்தோடு ஒருமுறையும், தார்பாயை மேலே கட்டிய நிலையில் ஒருமுறையும் அளந்து, மூன்றையும் ஓர் அட்டையில் எழுதி, கண்ணாடிக்குக் கீழே உங்கள் பார்வையில் படும் இடத்தில் ஒட்டுங்கள். அடியிலும் எழுதுங்கள், மீட்டரிலும் எழுதுங்கள். நாம் அடிக்கணக்கில் பழகியவர்கள், பலகையோ மீட்டரில் பேசுகிறது. "3.6 என்றால் பன்னிரண்டு அடி இருக்கும்" என்று மனக்கணக்குப் போட்டால் இரண்டே கால் அங்குலம் கடனாகிவிடும். 3.8 மீட்டர் பன்னிரண்டரை அடிக்கு ஒரு பொட்டு குறைவு. 4 மீட்டர் 13 அடி ஒன்றரை அங்குலம். அட்டையில் இருந்தால் கணக்குப் போடவே வேண்டியதில்லை, பலகையில் உள்ள எண்ணோடு நேராக ஒப்பிட்டுவிடலாம். பஞ்சு, தேங்காய் நார், வைக்கோல் போலக் கனம் குறைந்து உயரம் கூடும் சரக்கு ஏற்றினால் அந்த நடைக்கென்று தனியாக அளக்க வேண்டும். பழைய எண் உதவாது.

பிரிட்டனில் 3 மீட்டருக்கு மேல் உயரமுள்ள சரக்கு வண்டிகளின் கேபினில், ஓட்டுநருக்குத் தெரியும்படி உயரத்தை எழுதி வைப்பது சட்டம். அங்கேயும் ரயில் பாதைகளைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனம் ஒருமுறை கேட்டுப் பார்த்தபோது, லாரி ஓட்டுநர்களில் 43 சதவீதம் பேர் புறப்படும் முன் வண்டியை அளப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் அந்த அட்டை நம் நாட்டிலும் கட்டாயமாக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நாமக்கல்லில் பாடி கட்டி முடிக்கிற அன்றே, பட்டறைக்காரர் உயரத்தை அளந்து கேபினுக்குள் பெயின்டில் எழுதிக் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்? பாட்டுப் பெட்டிக்கும் கண்ணாடி அலங்காரத்துக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம்.

பலகையில் உள்ள எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டால், ஒவ்வொரு தடவையும் ஓரிரு அங்குலம் சாலை உயரும், பாலம் உயராது. பலகையோ அப்படியே இருக்கும். உங்கள் எண்ணுக்கும் பலகை எண்ணுக்கும் நடுவில் குறைந்தது அரை அடி இல்லாவிட்டால், இறங்கி நின்று, ஆள் ஒருவரை முன்னால் நிறுத்திப் பார்க்கச் சொல்லிவிட்டு நகர்த்துங்கள். வளைவுப் பாலமானால் பலகை சொல்லும் உயரம் நடுவில் மட்டும்தான் கிடைக்கும். எதிர்வண்டிக்கு ஒதுங்கி ஓரமாகப் போனால் பாடியின் மேல் மூலை செங்கல்லில் போய் மோதும். காத்திருந்து, சாலை காலியானதும் நடுவில் போங்கள்.

சுரங்கப்பாதையில் இன்னொரு நுட்பமும் உண்டு. சாலை உள்ளே இறங்கி மறுபடி ஏறுகிறது அல்லவா? ஒரு வாணலியின் மேல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஸ்கேலின் இரண்டு முனையும் வாணலியைத் தொடும், நடுவில் இடைவெளி இருக்கும். நீள வண்டியும் அப்படித்தான். முன்சக்கரம் ஏற்றத்திலும் பின்சக்கரம் இறக்கத்திலும் நிற்கும்போது நடு உடம்பு பள்ளத்தின் அடியிலிருந்து எழும்பி நிற்கிறது. பலகையில் எழுதியிருப்பது சாலையிலிருந்து பாலத்துக்கு நேர் உயரம். உங்களைப் போன்ற லாரிக்கு இது ஓரிரு அங்குலமாக இருக்கலாம். சக்கரங்களுக்கிடையே பத்து மீட்டர் உள்ள டிரெய்லர், திடீரென்று இறங்கி ஏறும் பாதையில் ஐந்து அங்குலம்கூட எழும்பும். பலகைப்படி இடம் இருக்கிறது என்று நுழைந்த டிரெய்லர் நடுப்பாலத்தில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

டிரெய்லர் ஓட்டும் நண்பர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று. சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களிலிருந்து வரும் கன்டெய்னர்களில் இரண்டு உயரம் உண்டு. சாதாரணப் பெட்டி எட்டரை அடி, உயரப் பெட்டி ஒன்பதரை அடி. ஓரடி வித்தியாசம். இரண்டும் ஒரே நீளம், ஒரே நிறத்தில்கூட இருக்கும். நேற்று சாதாரணப் பெட்டியோடு போன பாதையில் இன்று உயரப் பெட்டியோடு போனால் கதை முடிந்தது. உயரப் பெட்டியின் மேல் மூலைகளில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்திருக்கும், உயரத்தையும் எழுதியிருப்பார்கள். யார்டை விட்டுக் கிளம்பும் முன் தலையைத் தூக்கி அந்தப் பட்டையைத் தேடுங்கள்.

உலகம் முழுக்க ஓட்டுநர்கள் இதே தவறைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் உங்கள் மனப்பாரம் சற்றுக் குறையும். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரில், 11 அடி 8 அங்குல உயரத்தில் ஒரு ரயில் பாலம் இருந்தது. எச்சரிக்கைப் பலகைகள், மின்னும் விளக்குகள், முன்னால் ஒரு தடுப்பு இரும்பு எல்லாம் வைத்தார்கள். 2016-இல், உயரமான வண்டி வந்தால் தானே கண்டுபிடித்து, சிக்னலைச் சிவப்பாக்கி, திரும்பிப் போகச் சொல்லும் மின்பலகையும் வைத்தார்கள். இடிப்பது நிற்கவில்லை. 2019-இல் பாலத்தையே 8 அங்குலம் தூக்கினார்கள். அதன் பிறகும் லாரிகள் வந்து இடித்தன. அங்கே இடித்தவற்றில் பல, வீடு மாற்ற வாடகைக்கு எடுத்த வண்டிகள். ஓட்டியவர்கள் காரில் பழகியவர்கள். பலகையைப் படிக்கத்தான் செய்திருப்பார்கள். தங்கள் வண்டியின் உயரம் தெரியாதவருக்குப் பலகையில் எத்தனை அடி எழுதியிருந்தால் என்ன?

நீங்கள் இடித்த கம்பிக்கு வருகிறேன். அது இடித்தது என்று அதன் மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் இடித்தது பாலத்தை அல்ல, பாலத்தைக் காக்க வைத்த கம்பியை. அது தன் வேலையைச் செய்துவிட்டு வளைந்தது. அது இல்லாமல் பாலத்தின் இரும்பு உத்தரத்தில் மோதியிருந்தால், மேலே தண்டவாளம் விலகியிருக்கலாம். அந்த நேரத்தில் ஒரு ரயில் வந்திருந்தால்? ரயில்வே வழக்குப் போடுவதும் இதனால்தான். அஜாக்கிரதையால் ரயில் பயணிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிப்பதற்கு ரயில்வே சட்டத்தில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. உங்கள் மேல் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிப் பாருங்கள். தனியாக ஆஜராகாதீர்கள். வழக்கறிஞர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நடந்ததை மாற்றிச் சொல்லவும் வேண்டாம். தார்பாயைப் பற்றி எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி. சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமென்றால், முதலில் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். முதலாளி நினைத்த தொகையை நினைத்தபடி பிடிக்க ஊதியச் சட்டம் அனுமதிப்பதில்லை. எல்லாப் பிடித்தமும் சேர்ந்தாலும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஆனால் சட்டத்தைக் காட்டிப் பேச்சைத் தொடங்காதீர்கள். முதலில் பாலிசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்றாம் நபர் சொத்துச் சேதம் என்ற வரியில், வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பு இருக்கும். ரயில்வே கேட்கும் கம்பிச் செலவு அதில் அடங்கிவிடக்கூடும். பிரீமியத்தைக் குறைப்பதற்காக அதை 6,000 ரூபாயாகச் சுருக்கியிருந்தால், அது முதலாளி எடுத்த முடிவு, அதன் சுமையை உங்கள் தலையில் ஏற்ற முடியாது. வண்டியின் சேதத்துக்குத் தனியாகக் கோரலாம். சர்வேயர் வருவதற்கு முன் வண்டியைப் பழுது பார்த்துவிட்டால் கோரிக்கை சிக்கலாகிவிடும். பத்தாயிரம் பத்தாயிரமாக உங்களிடம் பிடிப்பதைவிட இந்த வழி அவருக்கும் லாபம். அதை எடுத்துச் சொன்னால் கேட்பார் என்று நம்புகிறேன். கேட்காவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது.

இன்னொருமுறை நடக்கக் கூடாது. நடந்துவிட்டால், அல்லது வேறொருவர் வண்டி மாட்டி நிற்பதைப் பார்த்தால், செய்ய வேண்டியதைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வேலை வண்டியை எடுப்பது அல்ல, ரயிலை நிறுத்தச் சொல்வது. பாலத்தில் அதன் எண் எழுதியிருக்கும். அந்த எண்ணையும் ஊர்ப் பெயரையும் அருகிலுள்ள ஸ்டேஷனுக்கோ கேட் கீப்பருக்கோ உடனே சொல்லுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் ரயில்வே உதவி எண் 139-க்கு அழைக்கலாம். பயந்துபோய்ப் பின்னால் வேகமாக இழுக்காதீர்கள். மாட்டியிருக்கும் இரும்பையும் சேர்த்து இழுத்துவிடும். ரயில்வே ஆட்கள் வந்து பார்த்த பிறகு, எல்லா டயரிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினால் வண்டி சில அங்குலம் தாழும். வந்த வழியே மெல்ல எடுத்துவிடலாம்.

லோடின் மேல் ஆள் ஏற்றுவதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. சர்வேயராக இருந்தபோது, ஒரு விடியற்காலையில், ஒரு சுரங்கப்பாதைக்கு என்னை அழைத்தார்கள். வண்டிக்குச் சேதம் ஒன்றுமே இல்லை. சரக்கு பாலத்துக்கு நான்கு விரற்கடை கீழே, ஒழுங்காக நுழைந்திருந்தது. ஆனால் சரக்கின் மேல் இரண்டு சுமை தொழிலாளர்கள் உட்கார்ந்து வந்திருந்தார்கள். பாலத்து இரும்பின் விளிம்பில் ஒரு நீல நிற ரப்பர் செருப்பு சிக்கியிருந்தது. என் படிவத்தில் வண்டியின் சேதம் என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். இன்றைக்கும் ஓட்டுநர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். கேபினில் இடமில்லை என்றால் அவர்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள். டிக்கெட் காசு உங்கள் கையிலிருந்து போனாலும் பரவாயில்லை.

வைக்கோல் ஏற்றுகிறவர்களுக்குப் பாலம் மட்டுமல்ல, மின்கம்பியும் எமன்தான். தெருவைக் கடக்கும் வீட்டு இணைப்பு மின்கம்பி 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. தொய்ந்த கம்பி எந்த விதியையும் பார்த்துத் தொங்குவதில்லை. மின்சார ரயில் பாதையின் கேட்டுகளில் வைத்திருக்கும் 4.67 மீட்டர் தடுப்பின் நோக்கமும் இதுவே. மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. அது உடலில் பட வேண்டும் என்றில்லை, நெருங்கினாலே பாய்ந்துவிடும். வண்டியில் மின்சாரம் ஏறியிருந்தால், தீப்பிடிக்காதவரை கேபினிலேயே இருங்கள். தீப்பிடித்தால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதியுங்கள். பிறகு கால்களை அகட்டாமல் சிறு சிறு எட்டாக விலகிப் போங்கள்.

வண்டி ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஓட்டுங்கள். கை நடுங்குகிறது என்றால், முதல் சில நடைகளுக்குப் பகலில், தெரிந்த பாதையில், கூட ஒரு கிளீனரோடு போங்கள். இடித்த அதே பாலத்துக்கு ஒருநாள் வண்டி இல்லாமல் போய், கம்பியின் உயரத்தை நீங்களே அளந்து பாருங்கள். ஒரு மாதம் கழிந்தும் நடுக்கம் போகவில்லை, தூக்கம் கெடுகிறது என்றால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய விபத்தைக் கண்ட ஓட்டுநர்கள் பலர் அப்படிப் போய்த் தேறி, மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறார்கள்.

பட்டறையிலிருந்து வண்டி வந்ததும் மூன்று அளவுகளையும் எடுத்து எனக்கு எழுதுங்கள். தார்பாயை நனைத்து, அன்றைக்குக் கட்டிய மாதிரியே கேபின் மேல் கட்டி, அதையும் அளந்து அனுப்புங்கள். உங்கள் முதலாளியையும் பக்கத்தில் நிறுத்தி, டேப்பின் கீழ் முனையை அவர் கையில் கொடுங்கள்.